சென்னை உயர்நீதிமன்ற மாளிகையும் இரு கொலை வழக்குகளும்

கொரட்டூர் நிலையத்தில் புறநகர் மின்தொடர் வண்டி ஏறி, வில்லிவாக்கம், பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, இராயபுரம் வழியாகக் கடற்கரை நிலையத்தில் இறங்கும் ஒருவர், தெற்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்தால் உயர்நீதிமன்ற மாளிகையைக் காண்பார். செங்கல்லால் எழுந்த அம்மாளிகையின் குவிமாடங்களையும் கோபுரங்களையும் அண்ணாந்து பாராமல் கடந்து செல்வோர் சிலரே. இறையியல் மாணவர்கள் சிலருடன் அண்மையில் அங்குச் சென்றிருந்தோம். மாளிகையின் வரலாற்றை நாம் விளக்கிக் கொண்டிருக்கையில், மாணவர் ஒருவர், "ஐயா, பாகவதருக்குத் தண்டனை கொடுத்தது இங்கேதானே?" என்று கேட்டார். அவர் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த வழக்கு அது. தண்டனையை அறிந்திருந்த அவர், விடுதலையை அறிந்திருக்கவில்லை. இக்கட்டுரை எழுதப்படுவதற்கு அக்கேள்வியே காரணம்.

எழில்மிகு கட்டடமும் கொடிய குற்றமும் ஒரு நகரின் நினைவில் அருகருகே தங்கிவிடுவது உலகெங்கும் காணப்படும் செய்தியாகும். கட்டடம் கண்ணைக் கவர்கிறது. குற்றம் காதைக் கவர்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில், நீதி என்னவாயிற்று என்னும் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. நம் நகரின் இரு வழக்குகளைக் கொண்டு அக்கேள்வியை இங்கு ஆராய்வோம்.

1. செம்மாளிகை எழுந்த வரலாறு

சென்னை உயர்நீதிமன்றம் 1862ஆம் ஆண்டு விக்டோரியா அரசியாரின் உரிமைப் பத்திரத்தின்படி நிறுவப்பெற்றது. அது இன்றுள்ள மாளிகைக்குக் குடிபெயர மேலும் 30 ஆண்டுகள் ஆயின. மாளிகை நிற்கும் நிலமும் வரலாறு உடையதே. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் ஆகியோருக்குரிய கோயில்கள் இப்பகுதியில் இருந்தன. கோட்டையின் பாதுகாப்பை முன்னிட்டுக் கிழக்கிந்தியக் கும்பினியார் அவற்றை அகற்றினர். பின்னர் அவை இன்றைய பூக்கடைப் பகுதியில் மீண்டும் கட்டப்பட்டன. பலர் வழிபட்ட இடத்திலேயே பின்னாளில் பலர் நீதி தேடி வந்தனர் என்பது எண்ணத்தக்கது.

1888ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் மாளிகை கட்டும் பணி தொடங்கியது. முதல் வரைபடத்தை ஆக்கியவர் பிராசிங்டன். பணியை நிறைவேற்றியவர் ஹென்றி இர்வின். அவருக்குத் துணை நின்றவர் ஸ்டீபன்ஸ். கட்டும் பொறுப்பை ஏற்ற ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். இந்திய, இசுலாமிய, ஐரோப்பியக் கலை மரபுகளை இணைத்த இந்தோ-சாரசனிக் பாணியில் அமைந்த இம்மாளிகைக்கு முதலில் 9,45,000 ரூபாய் மதிப்பிடப்பட்டது. கருதிய எழிலுக்கு அத்தொகை போதவில்லை. முடிவில் ஏறத்தாழ 13 இலட்சம் ரூபாய் செலவாயிற்று. 1892ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், ஆளுநர் வென்லாக் பிரபு மாளிகையின் திறவுகோலைத் தலைமை நீதிபதி சர் ஆர்தர் காலின்ஸ் அவர்களிடம் ஒப்படைத்தார்.

மாளிகையின் உயர்ந்த கோபுரம் 175 அடி உயரமுடையது. 1894ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து அக்கோபுரமே சென்னையின் கலங்கரை விளக்கமாகவும் பணியாற்றியது. 1977ஆம் ஆண்டு மெரினாக் கடற்கரையில் புதிய விளக்கம் எழும்வரை, வங்கக் கடலில் வந்த கப்பல்களுக்கு வழிகாட்டியது நீதிமன்றத்தின் உச்சியில் எரிந்த ஒளியே. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, செருமானியக் கப்பலாகிய எம்டன் சென்னையின்மீது குண்டு வீசிய போது, இவ்வளாகமும் தாக்கப்பட்டது. அதனை நினைவூட்டும் கல்வெட்டு கிழக்கு மதிலில் உள்ளது.

வளாகத்தினுள் மனுநீதிச் சோழனின் சிலையையும் காணலாம். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த போது, தன் ஒரே மகனையே தண்டிக்க முன்வந்த மன்னன் அவன். ஆள் பார்த்து நீதி மாறாது என்பதே அச்சிலை தரும் உறுதிமொழி. அவ்வுறுதிமொழி இம்மாளிகையில் எவ்வாறு காக்கப்பட்டது என்பதைக் காண்பதற்கு முன், இதே காலத்தில் கடல் கடந்த நகர் ஒன்றில் நடந்ததையும் நோக்குவது பயன் தரும்.

2. சிகாகோவின் வெண்ணகரம்

நம் உயர்நீதிமன்றம் திறக்கப்பட்ட மறு ஆண்டு, 1893இல், அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. டேனியல் பர்னாம் என்னும் கட்டடக் கலைஞரின் தலைமையில், ஏரிக்கரையில் மாபெரும் மண்டபங்கள் எழுந்தன. அவை அனைத்தும் வெண்ணிறமாக ஒளிர்ந்தமையால் மக்கள் அதனை 'வெண்ணகரம்' என்றே அழைத்தனர். ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் வருகைகள் ஆறு திங்களில் பதிவாயின. அப்பொருட்காட்சியை ஒட்டிக் கூடிய சர்வ சமயப் பேரவையை நம் வாசகர் நன்கு அறிவர். விவேகானந்தர் அங்குச் செல்லப் பொருள் திரட்டியவர்கள் சென்னையைச் சேர்ந்த அளசிங்கப் பெருமாள் முதலியோர். பேரவைக்குத் தலைமை ஏற்ற ஜான் ஹென்றி பாரோஸ் ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகர். பின்னர் அவர் இந்தியாவுக்கும் வந்து சொற்பொழிவாற்றினார்.

அவ்வெண்ணகரத்துக்கு அணித்தான எங்கல்வுட் பகுதியில், ஹோம்ஸ் என்னும் புனைபெயர் பூண்ட ஒருவன் கட்டடம் ஒன்றைக் கட்டி வாழ்ந்தான். மோசடியும் கொலையும் அவன் தொழிலாயின. கூட்டாளி ஒருவரைக் கொன்ற குற்றத்துக்காக 1896ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் பிலடெல்பியாவில் அவன் தூக்கிலிடப்பட்டான். நீதிமன்றம் மெய்ப்பித்தது அந்த ஒரு கொலையையே. அவனோ 27 பேரைக் கொன்றதாக வாக்குமூலம் எழுதிப் பணத்துக்கு நாளிதழுக்குக் கொடுத்தான். அவன் கொன்றதாகக் குறித்தவர்களுள் சிலர் அப்போது உயிருடன் இருந்தனர்! பின்னர் வந்த எழுத்தாளர்கள் எண்ணிக்கையை 200 வரை உயர்த்தினர். மெய்யாகவே இறந்தவர்களின் துயரம், கட்டிவிடப்பட்ட கதைகளின் கீழ்ப் புதைந்து போயிற்று.

வெண்ணகரத்தின் மண்டபங்களும் கல்லால் ஆனவை அல்ல. சாந்தும் நாரும் கலந்து இரும்புச் சட்டங்களின்மேல் பூசப்பட்ட தற்காலிகக் கட்டடங்களே அவை. 1894ஆம் ஆண்டு ஏற்பட்ட தீயில் பெரும்பகுதி எரிந்து போயிற்று. மண்டபங்கள் அழிந்தன, மிகைப்படுத்திய கதையோ இன்றும் வாழ்கிறது. குற்றத்தைப் பற்றிய பேச்சு, குற்றத்தைவிட நீண்ட ஆயுள் உடையது என்பதற்குச் சிகாகோ சான்று. இப்போது சென்னைக்குத் திரும்புவோம்.

3. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு

சி. என். இலட்சுமிகாந்தன் என்பவர் பொய்ப் பத்திரங்கள் தயாரித்த குற்றத்துக்காக முன்னர் நெடுங்காலம் சிறையில் இருந்தவர். விடுதலை பெற்றபின், 1943ஆம் ஆண்டு 'சினிமா தூது' என்னும் வார இதழைத் தொடங்கினார். திரைப்பட நடிகர் நடிகையரின் தனி வாழ்க்கையைப் பற்றிய அவதூறுகளே அதன் உள்ளடக்கம். பெயர் கெடும் என அஞ்சியவர்கள் பணம் கொடுத்து அவர் வாயை அடைக்க முயன்றனர். நடிகர் எம். கே. தியாகராச பாகவதர், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கோவைப் பட்சிராசா திரைப்பட நிலையத்தின் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநரிடம் முறையிட்டதன் பேரில் இதழின் உரிமம் நீக்கப்பட்டது. இலட்சுமிகாந்தன் அடங்கவில்லை, 'இந்து நேசன்' என்னும் வேறோர் இதழின் வாயிலாக அத்தொழிலையே தொடர்ந்தார். அவரைப் பலர் தூற்றினர். ஆனால் அவர் இதழைப் பலர் விலை கொடுத்து வாங்கினர் என்பதையும் மறத்தல் கூடாது. வாங்குவோர் இல்லையேல் அவதூறு விற்பவர் ஏது?

1944ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், வேப்பேரியில் வழக்கறிஞர் ஒருவரைக் கண்டு, கைரிக்‌ஷாவில் புரசைவாக்கம் திரும்பிக் கொண்டிருந்த இலட்சுமிகாந்தனைச் சிலர் வழிமறித்துக் கத்தியால் குத்தினர். பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் மறுநாள் இறந்தார். சில வாரங்களில் பாகவதர், கலைவாணர், ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் சதிக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதாயினர்.

அப்போது பாகவதரின் புகழ் அளவிடற்கரியதாக இருந்தது. அவர் நடித்த 'ஹரிதாஸ்' அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெளியாகிச் சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக் கொண்டிருந்தது. உயர்நீதிமன்றத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் உள்ளது பிராட்வே. திரையரங்கில் மக்கள் அவர் பாடலைக் கேட்டு மகிழ்ந்திருக்க, அவரோ இம்மாளிகையின் குற்றவாளிக் கூண்டில் நின்றார். மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிய படம் என அதன் பெருமையைப் பேசுவோர், அக்காலத்தின் பெரும்பகுதியை அவர் சிறையில் கழித்தார் என்பதை நினைப்பதில்லை.

நீதிபதி மாக்கெட் முன்னிலையில், ஜூரியின் துணையுடன் வழக்கு நடந்தது. 1945ஆம் ஆண்டு மே திங்களில் தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் இதே உயர்நீதிமன்றம் அவர்களுடைய மேல்முறையீட்டைத் தள்ளியது. வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. மேல்முறையீட்டை மறுபடியும் கேட்குமாறு அம்மன்றம் திருப்பி அனுப்பிற்று. இரண்டாம் முறை கேட்ட உயர்நீதிமன்றம், 1947ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இருவரும் குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பளித்தது. ஒரே மாளிகை, ஒரே சான்றுகள். முதலில் இருமுறை குற்றவாளிகள் எனப்பட்டவர்கள், மறுபடி கேட்டபோது குற்றமற்றவர்கள் எனப்பட்டனர்.

இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் சிறையில் கழித்தனர். கலைவாணர் மீண்டும் திரையுலகில் இடம் பெற்று, 1957இல் மறையும் வரை மக்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தார். பாகவதருக்கோ பழைய வாழ்வு திரும்பவில்லை. வழக்குச் செலவு செல்வத்தைக் கரைத்தது. பின்னர் வந்த படங்கள் வெற்றி பெறவில்லை. 1959ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அவர் மறைந்தார்.

இங்கு இன்னொருவரையும் நினைக்க வேண்டும். இலட்சுமிகாந்தனும் மனிதரே. அவர் செய்த தீமைக்குச் சட்டம் தண்டனை வைத்திருந்தது. கத்திக்கு அந்த உரிமை இல்லை. அவர் கொலையை ஏவியவர் யார் என்பது இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை. குற்றமற்றவர்கள் சிறையில் கழித்த ஆண்டுகள் ஒரு புறம். கொல்லப்பட்டவருக்குக் கிடைக்காத நீதி மறு புறம். இரண்டு இழப்புகளையும் ஒருங்கே காண்பவரே இவ்வழக்கை முழுமையாகக் கண்டவர் ஆவர்.

4. ஆளவந்தார் கொலை வழக்கு

எட்டு ஆண்டுகளுக்குப் பின், நகரம் மீண்டும் ஒரு கொலையைப் பற்றியே பேசிற்று. சைனா பஜார்ப் பகுதியில் பேனா முதலிய பொருள்களை விற்றுவந்த ஆளவந்தார் என்பவர் 1952ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் காணாமற் போனார். மறுநாள், சென்னையிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற போட் மெயில் வண்டியில் துர்நாற்றம் வீசுவதாகப் பயணிகள் முறையிட, மானாமதுரை நிலையத்தில் ஒரு டிரங்குப் பெட்டி திறக்கப்பட்டது. அதனுள் தலையற்ற உடல் இருந்தது. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. நாம் வந்த வண்டி கடந்த அதே இராயபுரம்தான். மருத்துவர்கள் இரண்டையும் ஒப்பிட்டு, இறந்தவர் ஆளவந்தாரே என உறுதி செய்தனர். அவரோடு முன்னர்ப் பழகியிருந்த பெண் ஒருவரும் அவர் கணவரும் பம்பாயில் கைது செய்யப்பட்டனர்.

1953ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர் முன்னிலையில், இவ்வழக்கும் ஜூரியுடன் நடந்தது. நாள்தோறும் மக்கள் திரண்டனர். நாளிதழ்கள் ஒரு சொல் விடாமல் அச்சிட்டன. கணவருக்கு 7 ஆண்டும், மனைவிக்கு 3 ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கொல்லப்பட்டவரின் ஒழுக்கக் கேட்டை நீதிபதி கருத்திற் கொண்டமையே தண்டனை குறைந்ததற்குக் காரணம்.

இத்தீர்ப்பு இரக்கம் உடையது எனப் பலர் பாராட்டினர். தூண்டப்பட்ட மனிதரின் நிலையைச் சட்டம் எண்ணிப் பார்த்தது என்ற வகையில் அப்பாராட்டுக்கு இடமுண்டு. எனினும், "அவனுக்கு வேண்டியதுதான்" என்னும் தெருப்பேச்சு வேறு. நீதிமன்றத்தின் இரக்கம் வேறு. இலட்சுமிகாந்தன் இறந்தபோதும் இதே சொல் தெருவில் கேட்டது. கொல்லப்பட்ட இருவரும் நற்பெயர் இல்லாதவர்கள். அதனால் அவர்கள் குருதியின் விலையும் குறைந்து போயிற்று. தீயவனின் உயிரும் உயிரே என்னும் அடிப்படை, மாளிகையின் வாயிலுக்கு வெளியே நின்ற கூட்டத்துக்குப் புலப்படவில்லை.

இவ்விரு வழக்குகளிலும் பங்கேற்ற ஜூரி முறை பின்னர் நம் நாட்டில் படிப்படியாக மறைந்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. ஊரார் பேச்சும் நாளிதழ்ச் செய்தியும் ஜூரியினரின் உள்ளத்தில் புகுந்துவிடும் என்னும் அச்சம் அம்முறைக்கு எதிராக எழுந்த வாதங்களுள் முதன்மையானது. ஜூரி மறைந்தது; ஊரார் பேச்சு மறையவில்லை.

5. திருப்பணியாளருக்கு இவ்வரலாறு கூறுவது

பெரிய மாளிகை பெரிய நீதியைத் தானாகவே தந்துவிடாது. யானைத் தந்தத்தால் அரமனை கட்டியவன் என்று இராஜாக்களின் புத்தகம் ஆகாபைக் குறிக்கிறது. பொய்ச்சாட்சிகள் இருவரை நிறுத்தி நாபோத்தைக் கொன்ற பழியும் அவன் அரண்மனைக்கே உரியது. நம் இலக்கியத்திலோ, பாண்டியனின் அவைச் சிறப்பு கோவலனைக் காக்கவில்லை. பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை ஆராயாது ஏற்றமையே அங்கு விளைந்த கேடு. எனினும் சிலப்பதிகாரப் பாண்டியனுக்கும் ஆகாபுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, பாண்டியன் தன் தவற்றை அக்கணமே ஒப்புக் கொண்டான். அத்தவற்றோடு உயிர் வாழ அவன் விரும்பவில்லை.

சென்னை உயர்நீதிமன்றத்தின் பெருமையையும் அவ்வகையில் நோக்குதல் வேண்டும். 1892இல் திறந்த நாளில் பெற்ற புகழைவிட, 1947இல் தன் தீர்ப்பைத் தானே மறுபடி ஆராய்ந்து மாற்றிய நாளில் பெற்றதே அதன் உண்மைப் பெருமை. அதுவும் தானாக நிகழவில்லை. வேறொரு மன்றம், "மீண்டும் கேளுங்கள்" என்று சொல்ல வேண்டியிருந்தது. தவறு நேராத நீதிமன்றம் மனிதரிடையே இல்லை. ஆனால், தவற்றை எடுத்துக் கூறுவதற்கு ஒரு வாயிலும், அதைக் கேட்பதற்கு ஒரு செவியும் உள்ள நீதிமன்றம் இருக்கக்கூடும்.

நம் திருச்சபைகளிலோ நிலைமை என்ன? பாகவதரின் வாழ்வை நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகப் பிரசங்கங்களில் கூறக் கேட்டிருக்கிறோம். பொன் தட்டில் உண்டவர் சிறைக் களியை உண்டார் என்றும், செருக்கினால் வீழ்ந்தார் என்றும் அழுத்தமாகச் சொல்லப்படும். அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டது மட்டும் சொல்லப்படுவதில்லை. நாமே நம் இளமைத் திருப்பணிக் காலத்தில் அவ்வாறு சொன்னதுண்டு, கேட்டவர்கள் தலையசைத்தார்கள், யாரும் திருத்தவில்லை. நீதிமன்றம் நீக்கிய பழியை, பிரசங்க பீடத்தில் நின்று நாம் மீண்டும் சுமத்தியிருக்கிறோம். பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும்படி விதித்த கட்டளை, சாட்சிக் கூண்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட்டோம் போலும்.

சபை ஒழுங்கு விசாரணைகளில் இது மேலும் கூர்மையாக வெளிப்படுகிறது. ஒரு குடும்பத்தைப் பற்றிய செய்தி ஆயரின் செவிக்கு வருமுன்பே சபை முழுவதும் பரவிவிடும். குழு கூடும்போது முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். விசாரணை என்பது அதற்குக் கையொப்பம் இடும் சடங்காகிவிடும். பின்னர் உண்மை வேறாக இருந்ததென்று தெரிந்தாலும், கண்டனத்தை அறிவித்த அதே இடத்தில், அதே குரலில், திருத்தத்தை அறிவிக்க நாம் முன்வருவதில்லை. தவறு இழைத்தவர் என மெய்யாகவே தெரிந்தவரிடமும் நாம் நேர்மையாக நடப்பதில்லை. இலட்சுமிகாந்தனையும் ஆளவந்தாரையும் ஊர் எவ்வாறு எண்ணியதோ, அவ்வாறே, அவருக்கு நேரும் எத்தீங்கும் தகும் என்று இருந்துவிடுகிறோம்.

மாணவர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. ஒருவருடைய வீழ்ச்சியை எடுத்துக்காட்டாகச் சொல்லுமுன், அவ்வழக்கின் கடைசித் தீர்ப்பு எதுவென்று தேடிப் படியுங்கள். பழி சுமந்தவர் பேசுவதற்கு இடங் கொடுங்கள். தவறாகச் சொன்னதை, சொன்ன இடத்திலேயே திருத்துங்கள்.

அன்று மாணவர் கேட்ட கேள்விக்கு அவ்விடத்திலேயே விடை கூறினோம். "ஆம், தண்டனை கொடுத்தது இங்கேதான், விடுதலை செய்ததும் இங்கேதான்" என்றோம். அவர் சற்று நேரம் கோபுரத்தை நோக்கி நின்றார். பின்னர், "ஊரில் என் தந்தை இன்றைக்கும் முதற் பாதியைத்தான் சொல்கிறார், ஐயா" என்றார். மறு பாதியை அவருக்கு எழுதும்படி கூறினோம்.